இரண்டு மஞ்சள்

சாரம் பகுதியில் ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் கமலக்கண்ணன் வெகுகாலமாக டிசைனர். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவுக்கு நெல் விவசாயம். இவனுக்கு வயல் ஒத்துவரவில்லை, கம்ப்யூட்டர் ஒத்துவந்தது. கல்யாண பேனரில் மாப்பிள்ளை பளிச்சென்றும் பெண் மங்கலாகவும் இருந்தால், யாரும் கேட்காமலே இரண்டு பேரையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுவான். யாரும் குறை சொன்னதில்லை.

வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சி செய்யும் மாணவி பூர்ணிமா வந்தபோதும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. இரண்டு இறக்கைப் படங்களைக் கொடுத்து, ஏரிப்பக்கம் புதரில் கட்டி எந்தப் பூச்சி தேடி வருகிறது என்று பார்க்க, காகிதத்தில் அச்சடித்து வெட்டித் தரச் சொல்லிவிட்டுப் போனாள் அவள். ஒன்று எலுமிச்சை மஞ்சள். மற்றது லேசாகச் சிவப்பேறிய மஞ்சள். ஒரே பூச்சியை வேறு வேறு வெயிலில் எடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, இரண்டையும் நடுவாந்திரமான ஒரு மஞ்சளுக்கு இழுத்துவந்தான்.

அடுத்த வாரம் அவள் காகிதங்களோடு திரும்பி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, தவிப்பு இருந்தது.

"அண்ணா, ஏரியில எல்லா ஆண் பூச்சியும் எல்லாக் காகிதத்தையும் சுத்துது. ஒண்ணும் புரியாம ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, ஒரே கலரா இருக்கு!"

"ஒரே பூச்சிதானே மேடம்? அதான் சரி பண்ணேன்."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். அவை இரண்டும் வேறு இனம், நெருங்கிய சொந்தம். மேற்கே ஒன்றுதான் உண்டு, கடற்கரையோரம் மற்றதுதான் உண்டு. அந்த இடங்களில் இரண்டுக்கும் நிறம் ஏறக்குறைய ஒன்றே. நடுவில் ஏரிப்பக்கம் இரண்டும் சேர்ந்து பறக்கின்றன. அங்கேதான் நிறம் விலகிப்போயிருக்கிறது.

கமலக்கண்ணனுக்குத் தலை சுற்றியது. "சேந்து இருந்தா ஒண்ணு மாதிரிதானே ஆவணும்? எங்க வூட்டுக்காரி கல்யாணம் கட்டும்போது திருநெல்வேலிப் பேச்சு பேசினா. இப்ப என்னையாட்டமே பேசறா."

"இது அப்படி இல்லண்ணா. ஆண் நெறத்தப் பாத்துதான் பெண்ணத் தேடிப் போவுது. இனம் மாறிப் போயிட்டா முட்டை பொரியாது. கொழப்பம் இல்லாத அளவுக்கு வித்தியாசமா இருந்ததுங்களோட வம்சம்தான் அங்க மிஞ்சிச்சு."

"யாரு சொல்லி மாத்திக்குது?"

"யாரும் சொல்லல. எதுவும் தானா மாத்திக்கவும் இல்ல. மாறினது மிஞ்சிச்சு, அவ்ளோதான்."

"அப்ப தனியா இருக்கறது ஏன் மாறல?"

"அங்க ஏமாத்தறதுக்கு இன்னொண்ணு இல்லியே."

பாதி புரிந்தது. புரிந்த பாதியும் யோசிக்க யோசிக்க நழுவியது. கொடுத்த நிறத்திலேயே மறுபடி அச்சடித்து, ஞாயிற்றுக்கிழமை அவனே வண்டியில் ஏரிக்குக் கொண்டுபோனான்.

புதரில் காகிதங்களைக் கட்டிவிட்டு இருவரும் ஒதுங்கி நின்றார்கள். எலுமிச்சை நிற ஆண் ஒன்று வந்தது. சிவப்பேறிய காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி, எலுமிச்சைக் காகிதத்தின் முன்னால் படபடத்து நின்றது. அந்த இரண்டு நிறத்துக்கும் இடையே மையில் எவ்வளவு குறைவான வித்தியாசம் என்று அச்சடித்தவனுக்குத் தெரியும். உடம்பு சிலிர்த்தது. அடுத்து வந்ததும் எலுமிச்சை நிறம்தான். அது சிவப்பேறிய காகிதத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

"இது ஏன் மேடம் இப்படி?"

"தெரியலண்ணா," என்றாள் பூர்ணிமா. "சிலது இன்னும் ஏமாறுது."

மூலக்குளத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து மனைவி சாந்தியிடம் எல்லாவற்றையும் விளக்க முயன்றான். அவன் சொன்னதில் மேற்கும் கடற்கரையும் இடம் மாறின, மஞ்சள் இரண்டும் கலந்துபோயின.

"மொதல்ல எது மாறிச்சு, எது மாறலன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க," என்று சாந்தி சோறு போடப் போனாள்.

அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடவில்லை. அவன் ஏரிக்குக் கிளம்பினான், கேட்பதற்கு இன்னும் நிறைய இருந்தது.