தபால் அண்ணாச்சி தேடித் தந்த தாத்தா

தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. அன்று பள்ளிவாசல் எஸ்டேட் மலை முழுக்கப் பனிமூட்டம். பக்கத்து நிரையில் நிற்பவள் முகம்கூடத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"ஏளா எஸ்தரு, தபால் அண்ணாச்சி போயிட்டாவளாம்."

சொன்னது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கை நிற்கவில்லை. அது பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தது. கூடை நிறைந்த பிறகுதான் அழுகை வந்தது.

இந்த எஸ்டேட்டில் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தங்கையா என்ற பேர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் மட்டும்தான். நாம் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசல்களில் அவர் தபால் அண்ணாச்சி. தோளில் காக்கிப் பை, தலையில் கம்பளி. கடிதத்தைக் கையில் நிறுத்துப் பார்ப்பார். "செல்லம்மா, ஒம் மருமவன் எழுதியிருக்கான். கனமே இல்ல, சண்டை ஒண்ணும் இருக்காது, பயப்படாம வா" என்பார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். நல்லதோ கெட்டதோ, ஒரு வரி விடமாட்டார். "பாதி வாசிச்சா அது கடுதாசி இல்லளா, பொய்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். நான் நாலாம் வகுப்புவரை படித்தவள். அச்செழுத்தைக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து பிடிபடாது. அதனால் எங்கள் வீட்டுக் கடிதங்களுக்கும் அவர்தான்.

எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தின் முன்தாளில் குடும்பத்தார் பெயர்கள் எழுதியிருக்கும். பிறந்த நாளும் ஊரும், கல்யாணம், இறந்தது. வருசப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் அந்தத் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அம்மா மனப்பாடமாகச் சொல்வாள். இருக்கிறவர்களுக்கு ஒரு ஜெபம், போனவர்களுக்காக ஒரு ஸ்தோத்திரம். அம்மாவின் அப்பா யாக்கோபு பெயர் வரும்போது மட்டும் அவள் வாய் நின்றுவிடும். அம்மா மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு கங்காணியோடு சிலோனுக்குப் போனவர் அவர். பதுளைப் பக்கம் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த வரிக்குப் பின்னால் தாள் வெறுமையாகக் கிடந்தது. ஜெபமா, ஸ்தோத்திரமா என்று தெரியாமல் அம்மா அறுபது வயதைத் தாண்டிவிட்டாள்.

மூச்சிரைப்பு முற்றிப் படுக்கையில் விழுந்தபிறகு அம்மா அண்ணாச்சியிடம் கேட்டாள். "நான் அங்க போகையில அப்பா முன்னமே வந்திருப்பாவளா தம்பி, இல்ல நாந்தான் காத்துக் கிடக்கணுமா? அது ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும்."

சிலோனிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. அங்கிருந்து வந்த யாரைப் பார்த்தாலும் அண்ணாச்சி தோட்டத்தின் பேரைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் கடிதம் எழுதினார். மூன்று வருசம். யாக்கோபு என்று இங்கே எவரும் இருந்ததில்லை என்றே பதில் வந்தது, வந்தால்.

ஒருநாள் மழை விட்ட நேரத்தில் வந்து அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒங்க அப்பாவ அவிய ஆத்தா என்ன சொல்லிக் கூப்பிட்டாவ?"

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்தப் பேர இந்த வீட்டுல சொல்லக் கூடாது."

"சொல்லாட்டி ஆளு கிடைக்காது. கங்காணி என்ன வேதப்புத்தகத்தப் பாத்தா பேரு எழுதியிருப்பான்? கூட்டத்துல கூப்பிட்ட பேரத்தான் எழுதியிருப்பான்."

தாத்தா ஞானஸ்நானம் வாங்கியது கல்யாணத்துக்கு முந்தின வாரம். அதோடு பழைய பேரை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, துணிக்குள்ளேயே சொன்னாள். "சுடலைமுத்து."

"இதுக்கா இம்புட்டு? ஆண்டவரு கோவிக்க மாட்டாரு அக்கா. அவருக்கே எத்தன பேரு!"

அம்மா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, அது அடங்க வெகுநேரம் ஆனது. வேதப்புத்தகத்துக்கு மட்டுமே தெரிந்த பேரைச் சொல்லித்தான் இத்தனை நாளாகக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் எப்படித் திரும்பிப் பார்த்திருப்பார்?

இந்தத் தடவை பதில் வந்தது. அண்ணாச்சி அதை முதலில் வெளியே வைத்து எனக்கு வாசித்தார். சுடலைமுத்து அங்கேயே இறந்துவிட்டார். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. மகள் லெட்சுமி இப்போது இந்தியாவில், புருசன் வழிச் சொந்தக்காரர்களோடு பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் சித்தூரில் இருக்கிறாள்.

"செத்தத மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. மத்தது வேண்டாம்" என்றேன்.

"அவிய கேட்டது அவியளோட அப்பாவ. எனக்குப் பிடிச்ச அப்பாவ நான் செஞ்சு கொடுக்கவா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எல்லாவற்றையும் வாசித்தார். அம்மா ஜன்னலில் ஏறிவரும் பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னைக்குச் செத்தாவன்னு அவளுக்குத் தெரியும். போய்க் கேட்டுட்டு வா" என்றாள்.

அண்ணாச்சியும் அவர் மனைவியும் என்னோடு வந்தார்கள். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனோம். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று தெரியாத பயணம். கண் திறந்தபோது மலை ஒன்றுகூட இல்லை. சுற்றிலும் நெல்வயல், தென்னை. மலை இல்லாத ஊரில் வானத்தை எது தாங்குகிறது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "பயப்படாத, நாம திரும்புற வரைக்கும் விழாது" என்றார்.

சித்தூருக்கு வெளியே வரப்பில் வந்த ஒருவரிடம் வழி கேட்டோம்.

"சிலோன்காரங்க ஊடுங்களா? அந்தப் பனையத் தாண்டி மூணாவது ஊடுங்க. நீங்க ஆருங்க?"

"சொந்தக்காரங்க" என்றார் அண்ணாச்சி. அந்தச் சொல்லை நான் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

வைக்கோல் ஒட்டிய கைகளோடு வாசலுக்கு வந்தவள் என் அம்மாதான். பத்து வயது குறைந்து, இருமல் இல்லாத அம்மா. அண்ணாச்சி பொறுமையாகச் சொல்லி முடித்தார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அந்தப் பொண்ணு நெசந்தானா? கடைசியில காய்ச்சல்ல, மலையில கைப்புள்ள அழுவுது, போய்த் தூக்குங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பொலம்புறாருன்னு நெனச்சிட்டோம்."

தாத்தா இறந்தது மாசி அமாவாசைக்கு மறுநாள், அவளுடைய மூத்த மகள் பிறந்த வருசம். சொல்லிவிட்டு அவள் எங்களிடம் கேட்டாள். "அவரு பொறந்த ஊரு எதுங்க? எங்களுக்கு யாருக்கும் சொல்லல."

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். புறப்படுமுன் எங்கள் வேதப்புத்தகத்தின் முன்தாளை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறார், எனக்குக்கூடத் தெரியாமல். அதை அவள் கையில் கொடுத்தார். அவள் வாசிக்கவில்லை. படியில் உட்கார்ந்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நாங்கள் திரும்பி வந்ததும் அம்மா கேட்டது அவர் இறந்த நாளை அல்ல. "அவ எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டாள். பிறகு வேதப்புத்தகத்தை எடுக்கச் சொன்னாள். எந்தப் பேரை எழுத என்று அண்ணாச்சி கேட்டார். "ரெண்டையும் எழுதும். கீழ எந் தங்கச்சி பேரையும் எழுதும்." அந்த வருசப் பிறப்பில் அம்மாவின் வாய் எங்கும் நிற்கவில்லை. தன் அப்பாவுக்காக ஸ்தோத்திரம் சொன்னாள், லெட்சுமிக்காக ஜெபம் செய்தாள். வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் போய்விட்டாள். முகத்தில் காத்திருக்கப் போகிறவளின் கவலை இல்லை.

போன வாரம் சித்தூரிலிருந்து கடிதம் வந்தது. புதிதாக வந்திருக்கும் தபால்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். வாசித்துக் காட்ட ஆள் தேடினேன். பிறகு நானே உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். அரைப் பகல் ஆனது. மாசி அமாவாசைக்கு இங்கே வருகிறாளாம். அக்கா கிடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். தபால் அண்ணாச்சியை பஸ்ஸுக்கு வரச் சொல் என்று முடித்திருந்தாள்.

ஒரு இன்லண்டு லெட்டர் வாங்கி நானே பதில் எழுதினேன். அண்ணாச்சி இல்லை என்று எழுதினேன். சரிவில் பையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, பையிலிருந்த கடிதங்கள் மறுநாள் ஈரத்தோடு எங்களுக்கு வந்தன என்பதையும் விடாமல் எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.

அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு சித்தி. மாசியில் பஸ்ஸுக்கு நான் போவேன்.