வலது நெற்றிப்பொட்டில் மீன் எண்ணெய் மாத்திரை

கரமனை அக்ரஹாரத்தில் மீன் வாடை வந்தால் தெருவே மூக்கைப் பொத்தும். அந்தத் தெருக்காரி சூடாமணியின் கைப்பையில் எப்போதும் மீன் எண்ணெய் மாத்திரை டப்பா கிடக்கும். யாராவது முகம் சுளித்தால் போதும், "தின்னவா வச்சிருக்கேன்? வேலையைப் பாத்துண்டு போங்கோ" என்று எரிந்து விழுவாள். அந்த டப்பாவே கோபத்தில் வாங்கினதுதான்.

செல்போன் பரவ ஆரம்பித்த வருஷங்கள் அவை. பழவங்காடிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் அவள் மிஷின் ஓட்டினாள். தலைக்குள் எடுத்த படத்தை அப்படியே அனுப்ப முடியாது. சர்ஜனின் கம்ப்யூட்டர் வேறு ரகம், அதற்குத் தக்க ஃபைலை மாற்றணும். அதில்தான் வினை. இந்த மிஷின் படுத்திருக்கிறவரைக் காலடியில் நின்று பார்க்கிற மாதிரி காட்டும். சர்ஜனின் கம்ப்யூட்டர் தலைமாட்டில் நின்று பார்க்கிற மாதிரி காட்டும். வலது இடதாகிவிடும். மூளையின் இரண்டு பாதியும் ஒன்றுபோலத்தானே இருக்கு, பார்த்தால் யாருக்குத் தெரியும்? சூடாமணிக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டர் பார்க்கும் கல்யாணராமன் மாற்றிக் கொடுத்ததை ஒரு தரம் திருப்பிப்போட்டுத்தான் அனுப்புவாள்.

ஒருநாள் மத்தியானம் வடிவம்மாள் வந்தாள். கட்டட வேலை செய்யும் இசக்கிப்பாண்டியின் பெண்டாட்டி. அவனுக்குத் தலைக்குள் கட்டி. விட்டுப்போன ஃபிலிமை வாங்க வந்தவள், "மொட்டையடிச்சு இடது பக்கம் மையால வட்டம் போட்டுட்டாவ மேடம். நாளைக்குக் காலைல ஆபரேஷன்" என்றாள்.

"இடதா? தொட்டுக் காட்டு."

வடிவம்மாள் தன் இடது காதுக்கு மேலே தொட்டாள். மிஷினுக்குள் இசக்கிப்பாண்டியின் இடது கை வெட்டி இழுத்தபோது ஓடிப்போய்ப் பிடித்தவளே சூடாமணிதான். இடது கை இழுத்தால் கோளாறு வலது மூளையில் அல்லவா இருக்கணும்? மிஷினில் பார்த்தாள். வலதுதான். அனுப்பின ஃபைலில் இடது.

"கல்யாணராமா, என்ன பண்ணித் தொலைச்சே?"

"வலது இடது மாறறதுன்னு நானே கண்டுபிடிச்சுத் திருப்பிட்டேன் மாமி. போன வாரத்திலேர்ந்து."

"நானும் திருப்பறேனேடா! ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நீங்க சொன்னேளா?"

சொல்லாதது அவளுந்தான். அந்த ஆத்திரத்தோடு ஆஸ்பத்திரிக்குச் சொல்லப் போனில் கை வைத்தாள். மேனேஜர் வெங்கடேஸ்வரன் ஓடிவந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போன் வேண்டா கேட்டோ. சென்டர் பேர் போயிரும். இன்னும் தெளிவான படம்னு சொல்லிப் புதுசு ஒண்ணு அனுப்பினாப் போரும்."

"அவா அதைத் திறந்து பாக்கலேன்னா? தப்பான பக்கத்தை அறுத்தப்புறம் உங்க பேரை ஒட்டி மூடுவாளா? நகருங்கோ!"

போனையும் விட்டுவிட்டாள். வடிவம்மாளின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, நேரே சர்ஜன் முன்னால் போய் நின்று, அனுப்பின படம் தப்பு, கட்டி வலது பக்கம் என்றாள். அவர் கேட்டதும் நியாயந்தான்: "அது தப்புன்னா இது சரின்னு எப்படி நம்பறது?"

அந்தக் கேள்வி சுட்டது. வாசலில் இருந்த மருந்துக்கடையில் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினாள். படத்தில் எண்ணெய் வெள்ளையாக மின்னும் என்று படித்த ஞாபகம். அன்று சாயங்காலமே இசக்கிப்பாண்டியைத் திரும்ப வரவழைத்து, வலது நெற்றிப்பொட்டில் மாத்திரையைப் பிளாஸ்டரால் ஒட்டிப் படம் எடுத்தாள். ஃபைல் எப்படிப் புரண்டாலும் மாத்திரையும் கூடவே புரளுமே! சர்ஜனின் கம்ப்யூட்டரில் மல்லிகை மொட்டு மாதிரி மாத்திரை தெரிந்தது. கட்டி அதே பக்கம். சர்ஜன் பழைய வட்டத்தை ஸ்பிரிட்டால் துடைத்து வலது பக்கம் புதிதாகப் போட்டார்.

அன்றிலிருந்து தலைவலி என்று வந்தவருக்குக்கூட மாத்திரை ஒட்டாமல் மிஷினுக்குள் விடமாட்டாள். தழும்போடு மறு ஸ்கேனுக்கு வந்த இசக்கிப்பாண்டி, "மறுபடியும் மீனா மேடம்? கொழம்பே வச்சுக் கொண்டாந்திருப்பமே" என்றான்.

"வாயை மூடிண்டு படுங்கோ" என்றாள்.

வாசலில் நின்ற வெங்கடேஸ்வரன், "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்று முனகினார்.

"அதை இவர்கிட்டக் கேளுங்கோ."

பிளாஸ்டர் ஒரு ஓரத்தில் கிளம்பியிருந்தது. இசக்கிப்பாண்டி, அன்று வெட்டி இழுத்த இடது கையைத் தூக்கி அதை அழுத்தி ஒட்டிக்கொண்டான்.