கம்பவுண்டர் தெருவின் முதல் வீடு

"கம்பவுண்டர் எந்த வருஷம் இறந்தாரும்மா?" என்று கேட்டேன்.

கம்பவுண்டரின் மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "செத்துட்டார்னு யார் சொன்னா?"

"தெருவுல எல்லாரும்தான். தங்கமான மனுஷன்னாங்க."

"அவங்க இருமலுக்கு மருந்து கலந்து கொடுத்தவரு, சொல்லத்தான் செய்வாங்க. என்கிட்ட வெளியூர் போய்ட்டு வரேன்னு பையைத் தூக்கிட்டுப் போனாரு. அங்க வேற குடும்பம், பிள்ளைங்க. குத்துக்கல்லாட்டம் இருக்காராம்."

"இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"போய்ட்டாருன்னு சொன்னேன். அழுதாங்க. அழுறவங்கள நிறுத்தச் சொல்ல முடியுமா?" என்று சிரித்தார்.

நகராட்சியில், தெருப்பலகைகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதித் தருவது என் வேலை. வாய்வழக்காக இருந்த பெயரைப் பலகையில் ஏற்றுவதற்கு முன், அது வந்த காரணத்தைக் கேட்டுவரப் போயிருந்தேன். காரணம் என்ற இடத்தில் 'பழகிய பெயர்' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

கணவர் போன பிறகும் வெகுநாள் வரை மருந்துக்கு ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்களாம். அந்த அறையிலேயே ஒரு மேசையைப் போட்டுத் துணி தேய்க்கத் தொடங்கினார். புட்டிகள் இருந்த அலமாரியில் மடித்த சட்டைகள் ஏறின. அந்தத் தெருப் பிள்ளைகள் கசங்காத சட்டையோடு பள்ளிக்குப் போனது அவர் கையால்தான். ஆனாலும் நேற்றுக் குடிவந்தவர்களுக்கும் அவர் 'கம்பவுண்டர் வீட்டம்மா'.

சாயங்காலத்துக்குள் எல்லாரும் துணிகளை வாங்கிப் போய்விட, அலமாரி காலியாகிவிடும். அதனால் யாருடையதையாவது ஒன்றை, சூடு ஆறவில்லை என்று சாக்குச் சொல்லி நிறுத்திவைப்பார். காலையில் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டுமே.

"வேற பேர் வைக்கச் சொல்லி எழுதட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எதுக்கு? பேர் அவங்களோடது. நல்லா கூப்பிடட்டும்."

பலகையை முனைவீட்டுச் சுவரில் அடிப்பதுதான் எங்கள் வழக்கம். முனைவீடு அவருடையது. அடுத்த வாரம் மறுபடி போய், ஆணி அடிக்க வேண்டிய இடத்தை நான் சாக்பீஸால் குறித்துக்கொண்டிருந்தபோது, தேய்த்துக்கொண்டிருந்த சட்டையோடு வெளியே வந்தார். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெருவோட அந்தக் கோடியில அடிக்கச் சொல்லேம்மா. இந்தச் சுவத்துக்கு நான்தான் வெள்ளையடிக்கிறேன்."