தறிமேல் வைத்த கை

காலையில் ஸ்டெதாஸ்கோப், மதியம் பேனா. சாமளாபுரம் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் நான், ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு பத்தியும் எழுதுகிறேன். இரட்டைக் குதிரைச் சவாரி என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

நோயாளிகளைப் பற்றி எழுதும்போது அடையாளத்தை மாற்றுவதில் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. விசைத்தறிச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்று காது மந்தமாகிப்போன ஒருவரைப் பற்றி ஒருமுறை எழுதினேன். ஊரைச் சோமனூருக்கு மாற்றினேன். வயதில் பத்தைக் குறைத்தேன். மகன்களை மகள்களாக்கினேன். ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். ஓடும் தறியின்மேல் உள்ளங்கையை வைத்தே அதன் கோளாறைச் சொல்லிவிடுவார் அவர். அதை வெட்டிப்போட எந்த எழுத்தாளனுக்கு மனசு வரும்? எங்கள் பக்கத்தில் அப்படிக் கை வைப்பவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த வாரம் சர்க்கரைப் பரிசோதனைக்கு அவர் வரவில்லை. அவர் மனைவி வந்தார். காது கேட்காததை அவர் வேலை செய்யும் இடத்தில் மறைத்தே வைத்திருந்தாராம். பத்தியைப் படித்த முதலாளி, அவரைத் தறியிலிருந்து எடுத்து நூல் சுற்ற உட்கார வைத்துவிட்டாராம்.

"உங்ககிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரின்னு சொல்றாருங்க," என்றார் அந்த அம்மா.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. முதலாளியிடம் நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது, போங்கள் என்றார்.

அன்று மாலையே போனேன். முதலாளி என் வாசகர். காபி கொடுத்து, பத்தி பிரமாதம் என்றார். அந்தக் கைக்குத் தெரிவது நம் யார் காதுக்கும் தெரியாது, அதைத்தானே எழுதியிருந்தேன், படிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் கை படாத நாலு நாளில் இரண்டு தறிகள் மக்கர் செய்திருந்ததும் எனக்குச் சாதகமாகப் போயிற்று. மறுநாளே அவரைத் தறிக்கு அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து அவர் கிளினிக்குக்கு வந்தார். உட்கார்ந்ததும் கையை நீட்டி, என் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டார்.

"இப்பக் கேளுங்க டாக்டர், சொல்றனுங்க."

காது மந்தமானவரின் உரத்த குரல். வெளியே காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.