அண்ணையின் மெசினுக்கு நான் தெரிவுசெய்த சைலன்சர்

1991ஆம் ஆண்டுக்குரிய என் குறிப்புக் கொப்பியில், பங்குனி மாதப் பக்கமொன்றில், இரண்டு சைலன்சர்களை ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். நீளம், தகட்டின் தடிப்பு, ஒட்டு வேலையின் தரம், எத்தனை காலம் உழைக்கும் என்ற என் கணிப்பு. கடைசி வரியில் ‘சத்தம்’ என்று எழுதி, ஒன்றுக்கு நேரே ‘மிகக் குறைவு’ என்றும் மற்றதற்கு நேரே ‘கூட’ என்றும் குறித்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அண்ணை புத்தூரில் தோட்டம் செய்தார். வெங்காயம், மிளகாய், கொஞ்சம் புகையிலை. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு தபால் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். அண்ணையின் கிணற்றடியில் நின்ற நீர் இறைக்கும் மெசின் மண்ணெண்ணெயில் ஓடுவது. போரில் அரசு வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டபின் கிடைத்த மண்ணெண்ணெயில் என்னென்ன கலந்திருந்ததோ, சைலன்சர்கள் சில மாதங்களிலேயே உக்கி ஓட்டை விழுந்தன. 1990 ஆவணியில் ஒன்று போனது. அதற்குப் பதிலாகப் போட்ட பழையதும் மாசியில் விழுந்துவிட்டது.

சைலன்சர் இல்லாமலும் மெசின் தண்ணீர் இறைக்கும். ஆனால் அந்த வருடங்களில் நாங்கள் காதை நம்பி உயிர்வாழ்ந்தோம். குண்டுபோடும் விமானமான பொம்பர் வருவதைக் கண்ணுக்கு முன்னே காது அறிந்துவிடும். அந்த இடைவெளிக்குள் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இறங்கிவிடலாம். இரைகிற மெசினுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு அந்த இடைவெளி கிடையாது. ஆகவே தோட்டக்காரர்கள் நாலு பாத்திக்கு ஒருதரம் மெசினை நிற்பாட்டி, வானத்தைக் கேட்டுவிட்டு, மீண்டும் இயக்குவார்கள். மண்ணெண்ணெயில் ஓடினாலும், ஒவ்வொரு தரமும் இயக்குவதற்கு மூடியளவு பெற்றோலாவது ஊற்றவேண்டும். அந்நாளில் பெற்றோல் மருந்துப் போத்தல்களில் விற்கப்பட்டது.

நல்ல சைலன்சர் ஒன்று தேடிவரும் வேலை என்னிடம் வந்தது. புறப்படும்போது அண்ணையின் மனைவி, என் மச்சாள், வாசல் படலை வரைக்கும் வந்தார்.

“நீர் கொப்பியிலை எழுதுறதை எல்லாம் எழுதும். சத்தம் குறைஞ்சதா ஒண்டு கொண்டு வாரும். எனக்கு அது காணும்.”

“இவன் சைலன்சருக்கும் சாதகம் பாத்துத்தான் கொண்டு வருவான்,” என்றார் அண்ணை, மண்வெட்டிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டே.

நெல்லியடியில் ஒரு கடையில் புதிது ஒன்று இருந்தது. உள்ளே துளையிட்ட குழாயும் அறைகளும் வைத்துச் செய்தது. கடைக்காரர் அதைத் தன் மெசினில் பூட்டி ஓடவிட்டார். பக்கத்து வேம்பில் காகம் கரைவது தெளிவாகக் கேட்டது. ஆனால் தகடு மெல்லியது. நகத்தால் அழுத்தினால் நெளியும்போல் இருந்தது.

“எத்தனை நாள் நிக்கும்?” என்றேன்.

“ஆறு மாசம். அதுக்கு மேலை என்னைக் கேக்காதேங்கோ.”

யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். திரும்பும் வழியில் வாகனம் திருத்தும் ஒரு கராச்சில் விசாரித்தபோது, கராச்காரர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். பெற்றோல் இல்லாமல் படுத்துவிட்ட யப்பான் கார் ஒன்று அங்கே நின்றது. பின் ஆசனத்தில் கோழி அடைகிடந்தது.

“உது என்ன எஞ்சின் எண்டு சொல்லும் பாப்பம்.”

குனிந்து பார்த்தேன். “ரோட்டரி எஞ்சின்.”

“உதை இங்கை வந்து சொன்ன முதல் ஆள் நீர்தான்,” என்றார் அவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பழைய சஞ்சிகை ஒன்றில் அதைப் பற்றி வாசித்திருந்தேன். மேலும் கீழும் ஓடும் பிஸ்டனுக்குப் பதிலாக, முக்கோணமான ஒரு துண்டு அறைக்குள் சுழலும் எஞ்சின் அது. அதிலிருந்து வெளிவரும் புகை சாதாரண எஞ்சினின் புகையைவிட அதிகச் சூடானது. அதனால் அதன் சைலன்சரைத் தடித்த உருக்கில் செய்வார்கள். இதையெல்லாம் நான் கராச்காரருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் காரின் சைலன்சரைத் தட்டிக் காட்டினார்.

“அந்தச் சூட்டுக்கே அசையாத சாமான். உம்மடை அண்ணையின்ரை மெசின் அதை என்ன செய்யும்? நீரும் நானும் போனாப் பிறகும் கிடக்கும்.”

“உள்ளுக்கை எப்பிடி?”

“உள்ளுக்கை சத்தத்தை அடக்க வைச்ச பஞ்செல்லாம் எரிஞ்சு போச்சு. வெறும் கோதுதான். சத்தம் கொஞ்சம் வரும். மெசின் எண்டால் சத்தம் போடும்தானே.”

அதையே எடுத்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடியும் சைலன்சர் தேடி அலைவதில் எனக்கு அலுப்பு இருந்தது. அதைவிட, ரோட்டரி எஞ்சின் ஒன்றின் பாகத்தை இனங்கண்டு கொண்டுவந்தவன் நான் என்ற பெருமையும் இருந்தது.

கராச்காரர் வந்து குழாயை வெட்டி ஒட்டிப் பூட்டினார். மெசின் இயங்கியதும் அண்ணை சிரித்தார். “தம்பி, தவில்காரன் ஒருத்தனைப் பிடிச்சு உள்ளுக்கை விட்டிருக்கிறாய்.”

மச்சாள் சிரிக்கவில்லை. வேலி வரைக்கும் நடந்துபோய் அங்கே நின்று காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“உதுதானோ கிடைச்சது?”

“உதுதான் கனகாலம் நிக்கும் மச்சாள்,” என்றேன். நெல்லியடியில் பார்த்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரை முழுவதும் அண்ணை மெசினை நிற்பாட்டி நிற்பாட்டித்தான் இறைத்தார். வைகாசியில் பெற்றோல் அறவே கிடைக்காமல் போனது. வைத்திருந்த கொஞ்சத்தைக் காலையில் ஒருதரம் ஊற்றி இயக்கினால், இறைப்பு முடியும்வரை நிற்பாட்டுவதில்லை.

அது நடந்தது ஆனி மாதத்தில். திகதியை இங்கே எழுத மனமில்லை. அன்று நான் கந்தோரில் இருந்தேன். பொம்பரின் இரைச்சல் கேட்டு எல்லோரும் மேசைகளின் கீழே படுத்தோம். அது புத்தூர் இருக்கும் வடகிழக்குப் பக்கமாகப் போய்ச் சுற்றியது. என் வழக்கப்படி மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். எத்தனை தரம் சுற்றியது என்றும் குறித்தேன். என் அண்ணையின் சாவு நேரத்தை எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணையை வீட்டுக்குள் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்கள் எல்லாரும் கத்தினனாங்கள் தம்பி. அவர் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டு நிண்டவர். தலை நிமிரேல்லை. நான் ஓடிப்போகேக்கையும் மெசின் ஓடிக்கொண்டுதான் நிண்டது. நான்தான் எண்ணெய்க் குழாயை மூடி நிப்பாட்டினனான்.”

கிணற்றடிக்குப் போனேன். குண்டு விழுந்தது பாத்திகளின் அந்தத் தலைப்பில். மெசினில் ஒரு கீறலும் இல்லை. சைலன்சரைத் தொட்டேன். இன்னும் சூடாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சில நாட்களில் மச்சாளே மண்வெட்டியை எடுத்தார். தோட்டத்தை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. நான் நெல்லியடிக்கு ஓடினேன். அந்தச் சைலன்சர் எப்போதோ விற்றுப்போயிருந்தது. புதிதாக எதுவும் வருவதாகவும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் தன் பெற்றோலில் கொஞ்சம் கொடுத்து உதவ, அதே மெசின் அதே சைலன்சருடன் ஓடியது.

இறைப்பு நாட்களில் நான் லீவு போட்டுவிட்டுப் புத்தூருக்குப் போகத் தொடங்கினேன். மெசினின் இரைச்சல் தேயும் இடத்தைத் தேடி நடந்து, கிழக்கு வேலியில் ஒரு பூவரசைக் கண்டுபிடித்தேன். அதன் அருகில் நின்று வானத்தைக் கேட்பேன். ஏதாவது கேட்டால் ஓடிப்போய் மச்சாளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்குவேன். ஆறேழு மாதத்தில் நாலு தரம் அப்படி இறங்கினோம்.

1992 தை மாதத்தில் ஒரு காலை, மச்சாள் மெசினை இடையில் நிற்பாட்டிவிட்டு வேலியடிக்கு வந்தார்.

“சைலன்சர் தேடப் போன அண்டைக்கு நீர் நெல்லியடிக்கும் போனனீரெல்லோ?”

“ஓம் மச்சாள்.”

“அங்கை வேறை ஒண்டும் இருக்கேல்லையோ?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் அதை நம்பியிருப்பார்.

“இருந்தது.”

“சத்தம்?”

“குறைவு. நல்லாக் குறைவு.”

காலில் ஒட்டியிருந்த சேற்றை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டு நின்றார்.

“அவருக்குச் சொன்னனீரோ?”

“இல்லை.”

“அடுத்த இறைப்புக்கு நீர் வரவேண்டாம். நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றார்.

பிறகு போய், கையிலிருந்த பெற்றோலை ஊற்றி மெசினை இயக்கினார். மிச்சப் பாத்திகள் நனைந்து முடியும்வரை நான் பூவரசடியிலேயே நின்றேன்.