தேவா தலைகீழாகப் படித்த நோட்டு

தேவசகாயம் போய்விட்டான். காலையில் திண்டிவனத்திலிருந்து அவன் மகள் போன் செய்து சொன்னாள்...

என் பழைய ஆபீஸ் கூட்டாளி. எனக்குத் தொண்ணூற்று மூன்று, அவனுக்கு ஒரு வயது குறைவு. முந்திக்கொண்டான், படவா.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். விழுப்புரத்தில் ஒரு டிராயிங் ஆபீசில் இரண்டு பேரும் டிரேசர்கள். யாரோ போட்ட பிளானை மெல்லிய துணியில் பிரதி எடுக்கிற வேலை. பிளானை வரைகிற டிராப்ட்ஸ்மேன் ஆக வேண்டுமென்றால் கணக்குப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும்.

தினமும் திண்டிவனத்திலிருந்து ரயில். படிப்பெல்லாம் அதில்தான். காகிதம் கிடைக்காத காலம்... இரண்டு பேருக்கும் ஒரே நோட்டு, என் மடியில்.

ரயில் போகிற திசையைப் பார்த்து உட்காராவிட்டால் எனக்கு வாந்தி வரும். அதனால் அவன் எப்போதும் எதிர் சீட். நோட்டைத் தலைகீழாகவே படித்தான். அதில் பெருமை வேறு!

பரீட்சையில் ஒரு வளைவு வந்தது. x = t², y = 2t³. t ஒன்றாக இருக்கும் இடத்தில் தொடுகோட்டின் சாய்வு என்ன?

y மாறும் வேகத்தை மேலே போட்டு, x மாறும் வேகத்தைக் கீழே போட்டு வகுக்க வேண்டும். மேலே ஆறு, கீழே இரண்டு. விடை மூன்று. அவ்வளவுதான் கணக்கு.

திரும்பி வரும்போது, முண்டியம்பாக்கம் தாண்டியதும் கேட்டேன்.

"இன்னாடா போட்ட?"

"மூணுல ஒண்ணு."

நோட்டில் அந்த விதியை எழுதியிருந்த பக்கத்தைத் திறந்தேன். y மேலே, x கீழே. எட்டிப் பார்த்தவன் சிரித்துவிட்டான். "என் பக்கத்துலேர்ந்து பாருடா... x-தான மேல கீது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நோட்ட உன் பக்கம் திருப்பி வெச்சிருக்கலாம்டா" என்றேன்.

"வுடுடா, நீதான எழுதன. பேஜாரு பண்ணாத. கம்முனு குந்து, வாந்தி வரப்போவுது."

அந்த ஒரு கணக்கில் அவனுக்குப் பரீட்சை போய்விட்டது. நான் டிராப்ட்ஸ்மேன் ஆகி வேறு ஊருக்குப் போனேன். அவன் இன்னொரு வருஷம் டிரேசராகவே இருந்து, தனியாகப் படித்துப் பாஸ் பண்ணினான்.

அத்தனை மாதத்தில் ஒருநாள்கூட நோட்டைத் திருப்ப எனக்குத் தோன்றவில்லையே... இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போனை வைத்த பிறகு ஒரு தாளில் அதே கணக்கைப் போட்டேன். எழுத்து கோணல்மாணல்.

எதிரே ஒரு நாற்காலி போட்டு, தாளை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன், தேவா.

நேராகப் படி. போய் வாடா.