திங்கட்கிழமை முகவரி

சங்கமித்ராவுக்கும் சித்தார்த்துக்கும் கல்யாணம் ஆனது 2007இல். வியாசர்பாடியில் குடித்தனம். சித்தார்த் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவன். அவனுக்கு வார விடுமுறை திங்கட்கிழமை, அவளுக்கு ஞாயிறு. "ஒரே ஒரு திங்கக்கெழம லீவு போடேன்" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவளால் முடியவில்லை. காரணம், அமெரிக்காவில் இருந்த ஒரு கம்ப்யூட்டர்.

ராயபுரத்தில் சாலமோன் என்பவர் நடத்திய சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. துறைமுகத்தில் எந்தக் கன்டெய்னர் வெளியே எடுக்கத் தயார் என்று லாரிக்காரர்கள் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தளத்தைக் கவனிப்பது அவள் பொறுப்பு. ஆபீஸில் கரண்ட் போனால் தளமும் போய்விடுகிறது என்று, சாலமோன் வெளிநாட்டு கம்பெனி ஒன்றிடம் மணிக்கணக்கில் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்தார். தனியாக ஒரு பெட்டி அல்ல; பெரிய இயந்திரம் ஒன்றில் இவர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு பங்கு. ஞாயிறு வாடகை எதற்கு என்று சனி சாயங்காலம் அணைத்துவிடச் சொன்னார்.

திங்கள் காலை அதைப் புதிதாக எழுப்பும்போது அதற்கு வேறு முகவரி எண் கிடைக்கும். தளத்தின் பெயரைத் தட்டினால் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவிலோ பழைய எண்ணே கிடக்கும். வாராவாரம் சங்கமித்ரா உட்கார்ந்து அதை மாற்றுவாள்.

ஒரு திங்கள், பஸ் கிடைக்காமல் தாமதமாகப் போனாள். டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. திருவொற்றியூர் லாரிக்காரர் மண்ணாங்கட்டி.

"இன்னாம்மா பேஜாரா கீது! கன்டெய்னர் பாக்கலாம்னு தொறந்தா கேக்கு வந்துகினு கீது! மேல பொம்ம ஜோடி வேற!"

இவர்கள் விட்ட எண் எந்த ஊரிலோ ஒரு கல்யாணக் கேக் கடைக்குப் போயிருந்தது. சாலமோனும் எட்டிப் பார்த்தார். "கேக்கு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நாம அது விக்கலயே?"

சிரித்து முடித்ததும் அவளுக்கு யோசனை வந்தது. எண் மாறியது முதலில் தெரிவது அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான். அதுவே போய்ச் சொல்லட்டுமே. எழுந்தவுடன் தன் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிவையும் தானே மாற்றிவிடும்படி ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். அணைத்து, எழுப்பி, சோதித்தாள். வேலை செய்தது. "எழுப்புற பட்டனை மட்டும் நீங்க அமுக்கிடுங்க சார்" என்று சாலமோனிடம் சொல்லிவிட்டு, அடுத்த திங்கள் லீவு போட்டாள்.

இருவரும் எண்ணூருக்கு ரயில் ஏறினார்கள். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் சாலமோன் கூப்பிட்டுவிட்டார். "ஏம்மா, பாதிப் பேருக்குச் சரியா வருது. மீதிப் பேருக்கு இந்தத் தடவ ஏதோ பூக்கடை வருதாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. 'இந்த எண்ணை ஒரு நாள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்' என்று பதிவில் இருந்ததை அவள் மாற்றவே இல்லை. தளம் அணைந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறக்கப் பார்த்தவர்களின் இணைய இணைப்பு, பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது. இதுவரை திங்கள்தோறும் அப்படிக் கூப்பிட்டவர்களைக் 'கொஞ்சம் பொறுங்க' என்று அவளே போனில் சமாளித்துவந்தாள்.

எண்ணூரில் இறங்கி பிரவுசிங் சென்டரைத் தேடினார்கள். புதிய எண்ணைச் சாலமோனிடம் போனில் வாசித்தாள். பூக்கடை வருகிறவர்கள் அன்றைக்கு மட்டும் பெயருக்குப் பதில் அந்த எண்ணையே தட்டட்டும் என்றாள். பிறகு பதிவைத் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த சித்தார்த் எட்டிப் பார்த்தான்.

"இன்னாதான் பண்ணிகினு கீற?"

"நம்ம கம்ப்யூட்டரு வூடு மாறிகினே கீதுல்ல? அட்ரஸ ஒரு நாள் பூரா ஞாபகம் வெச்சுக்காதீங்க, அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா கேட்டுக்கங்கன்னு எழுதுறேன்."

அதற்கடுத்த திங்களும் லீவு கிடைத்தது. காசிமேட்டில் தாயம்மாவின் கடையில் வறுத்த வஞ்சிரம் சாப்பிட உட்கார்ந்தார்கள். சங்கமித்ரா நிமிஷத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்தாள்.

"யார்னா கூப்ட்டாங்களா?" என்றான் சித்தார்த்.

"ஒருத்தருமே கூப்புடல."

"அப்ப சந்தோசந்தான?"

"சந்தோசந்தான். ஆனா ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, 'நல்லா கீது'ன்னு கூப்ட்டு சொல்லக்கூடாதா?"

சித்தார்த் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அவள் போன் அடித்தது. எண்ணெய்க் கையோடேயே எடுத்தாள்.

"சங்கமித்ரா மேடங்களா? சைட்டு சோக்கா கீது மேடம்!" என்றான், முதுகைக் காட்டிக்கொண்டே.